அழுகையைச் சொல்லும் வளையல்

பேறுகால விடுப்பு முடிந்து பெனிலா வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஆறு மாதக் குழந்தையோடு செல்வின் தனியாக இருந்தான். குழந்தையின் கையில் வளையல் இருந்ததால் அவனுக்குப் பெரிதாகப் பயமில்லை. அழுகையைக் கேட்டதுமே காரணத்தைச் சொல்லிவிடும் வளையல் அது.

"பசி" என்றது. பால் கொடுத்தான். "ஈரம்" என்றது. துணியை அவிழ்க்கும்போதே அவன் சட்டையும் நனைந்தது. தாலாட்டுப் பாடிப் பார்த்தான். "பாட்டு வேண்டாம்" என்றது. தோளில் போட்டுத் தட்டினான். குடித்த பாலெல்லாம் அவன் முதுகில் வழிந்தது. "அம்மா வேண்டும்" என்றது.

அதற்கு அவன் எங்கே போவான்? சாயங்காலம்வரை வளையல் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன், தன்னையறியாமல் விம்மி அழுதான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவனையே வேடிக்கை பார்த்தது.

பெனிலா கதவைத் திறந்தபோது, "பசி, தூக்கம், பயம்" என்று வளையல் சொல்லிக்கொண்டிருந்தது.

"பாப்பாவுக்கு என்னங்க பயம்?" என்று ஓடிவந்தாள்.

"பாப்பா இல்ல, நான்தான்" என்றான், கண்ணைத் துடைத்தபடி.

பெனிலாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"லீவுல இருந்தப்ப நான் அழுதப்பவும் இதேதான் சொல்லுச்சு. நீங்க பாப்பான்னு நெனச்சுப் பால் கலக்கிட்டு வந்தீங்க."

செல்வின் நிமிர்ந்து பார்த்தான். "நீ எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"அதான் வளையல் சொல்லுச்சே" என்றாள் பெனிலா.