பெறாத மகன்

“இனிமே நாந்தாம்மா உங்க மகன்” என்றார் வக்கீல் தவசிமணி.

“அப்படிச் சொல்லாதீங்க தம்பி. நெசமுன்னு நம்பிருவேன்” என்றாள் செவத்தியம்மாள்.

மணல் லாரியை ஏற்றி அவள் மகனை யாரோ கொன்றுபோட்ட வாரத்தில் நடந்த பேச்சு அது. லாரி முதலாளி மேல் போட்ட அந்த வழக்கு தவசிமணிக்குப் பேர் வாங்கித் தந்தது, அந்தப் பேர் அவரை எம்.எல்.ஏ. ஆக்கியது. ஒவ்வொரு தேர்தலிலும் அவளை மேடையேற்றி, “என்னைப் பெறாத தாய்” என்று காலில் விழுவார். வழக்கு மட்டும் வாய்தாவிலேயே கிடந்தது. அவர் கையெழுத்துப் போட்டு விலகினால்தான் வேறு வக்கீல் அதைத் தொட முடியும் என்றார்கள் கோர்ட்டில். மகன் என்றவரிடம் எப்படிக் கேட்பது?

மூன்றாவது வெற்றிக்கான பாராட்டு விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியவர் அதே லாரி முதலாளி. இப்போது தவசிமணியின் கட்சிக்கே நகரச் செயலாளர். கூட்டம் கைதட்டியது.

தவசிமணி மைக்கை அவள் வாயருகே பிடித்தார். “அமைச்சராகணும்னு மகனை வாழ்த்துங்கம்மா.”

அவள் பொன்னாடையை எடுத்து, மடித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளியின் மடியிலேயே வைத்தாள்.

“வக்கீலய்யா, என் கேஸ் கட்டைக் குடுத்திருங்க. வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்.”