நாலாவது பெட்

மறுபடியும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணை மூடி எவ்வளவு நேரம் இருக்கும்? குப்பை வண்டியின் பாட்டு தெருமுனையைத் தாண்டுகிற நேரம்கூட இல்லை.

கை தன்னால் தலைக்கு மேலே போய் எதையோ தேடியது. குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துவிட்டதா என்று பார்த்துப் பழகிய கை. வீட்டுக்கு வந்தும் அதற்குப் புத்தி வரவில்லை.

நேற்று மத்தியானம் டூட்டிக்குப் போனவள். ராத்திரிக்கு வர வேண்டிய நர்ஸ் வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்ப முடியுமா? அந்த டூட்டியையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் காலையில்தான் வீடு திரும்பினாள். இந்த வாரத்தில் இது முதல் தடவையும் இல்லை.

இன்றைக்கும் மத்தியானமே போக வேண்டும்.

உடம்பு அடித்துப் போட்ட மாதிரிதான் கிடக்கிறது. மனசுதான் படுக்க மாட்டேன் என்கிறது.

அவள் புருஷன் சேர்மக்கனி தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டான், பாவம். சன்னலுக்குப் போர்வையைக் கட்டினான். காலிங் பெல்லைக் கழற்றி வைத்தான். குக்கர் விசிலடித்துவிடும் என்று சோற்றைச் சட்டியில் வடித்தான். பைக் பட்டறையில் நாளெல்லாம் சத்தத்தோடு கிடக்கிற மனுஷன், வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தான்.

அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"ஏட்டி, இன்னும் உறங்கலையா?"

"வர மாட்டேங்குங்க." குரல் உடைந்தது. "போன வாரம் மருந்து பாட்டிலை மாத்தி எடுத்துட்டேன்னு சொன்னேன்லா? கடைசி நிமிசத்துல லேபிளைப் பாத்தேன். பாக்காட்டா? இன்னிக்கும் உறங்காமப் போனா நான் யாரையாவது கொன்னுருவேன்."

அப்படியெல்லாம் ஆகாது என்று அவன் எப்படிச் சொல்வது? வண்டியைத் தவிர அவனுக்கு என்ன தெரியும்?

ஆனால் ஒன்று தெரியும்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், ஆஸ்பத்திரி வாசலில் கால் கடுக்கக் காத்திருந்துவிட்டு அவளிடம் கத்தினான். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஹேண்டோவர் கொடுக்காமல் கிளம்ப முடியாதாம். அடுத்த டூட்டி நர்ஸிடம் ஒவ்வொரு பெட்டாகச் சொல்ல வேண்டும். யாருக்கு எப்படி இருக்கிறது, யாருக்கு என்ன செய்ய வேண்டியது பாக்கி, எல்லாம். 'சரி, நான் பாத்துக்கிடுதேன்' என்று அந்த நர்ஸ் வாயால் சொன்ன பிறகுதான் நம் பாரம் இறங்குமாம்.

நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டான். உட்கார்ந்தான்.

"எங்கிட்ட ஹேண்டோவர் குடு."

"என்னத்த?"

"பெட்டு பெட்டாச் சொல்லு. நான்தான் அடுத்த டூட்டி."

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நகக்கண்ணெல்லாம் கிரீஸை வைத்துக்கொண்டு, இவர் நர்ஸாம்! ஆனாலும் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணாவது பெட்டு, காய்ச்சல் விட்டிருக்கு."

"சரி."

"ரெண்டு, மூச்சு இப்ப பரவால்ல. மூணு, வலிக்கு ஊசி போட்டாச்சு. அஞ்சு..."

"நாலு?"

ஏதோ எண்ணிக்கை தவறிவிட்டது என்றுதான் கேட்டான். வேறொன்றும் இல்லை.

அவளுடைய மூடிய கண்ணிலிருந்து காதுப் பக்கமாக நீர் வழிந்தது.

"நாலு காலி."

காலியான பெட்டை யாரும் ஒப்படைப்பதில்லை. காலையில் அவளும் ஒப்படைக்கவில்லை. மூன்றுக்குப் பிறகு ஐந்து என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். அந்தப் பெட்டில் கிடந்தவரை மட்டும் வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் வீடுவரை கூட்டி வந்திருக்கிறாள்.

அவன் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டான்.

"காலின்னாலும் சொல்லு."

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"மாடக்கண்ணு அண்ணாச்சி. நல்லாத்தான் தேறிக்கிட்டு வந்தாவ. விடியக்காலம் முழிச்சு, ஒரு வாய் காப்பி தாம்மான்னு கேட்டாவ. சீனி தூக்கலா இருக்கணுமாம், சூடு ஆகாதாம், ஆற வச்சுத் தரணுமாம். டாக்டர்ட்ட கேட்டுட்டுத் தாரேன் அண்ணாச்சின்னுட்டு அடுத்த பெட்டுக்குப் போனேன். நான் ஒருத்திதானே? திரும்பி வாரதுக்குள்ள..."

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"காப்பி ஒண்ணுதான் பாக்கி."

அவன் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"சரி. நாலாவது பெட்டை நான் வாங்கிக்கிட்டேன். இனி நான் பாத்துக்கிடுதேன்."

அவள் தலையாட்டினாள். மிச்சத்தையும் சொல்லத்தான் தொடங்கினாள். "அஞ்சு, பிரஷர்..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. வாய் லேசாகத் திறந்துகொண்டது. சின்னதாக ஒரு குறட்டை.

அப்பாடா!

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பட்டறைதான். அடுப்படிக்குப் போய் எடுத்து, இன்றைக்கு வர முடியாது, டூட்டி இருக்கிறது என்று கிசுகிசுத்தான். உனக்கென்னப்பா டூட்டி என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். வைத்துவிட்டான்.

அப்படியே பாலை அடுப்பில் ஏற்றினான்.

அவனுக்குக் காப்பிப் பழக்கமே கிடையாது. தூள் எவ்வளவு போட வேண்டும் என்று கொஞ்சம் தடுமாறினான். சீனியை மட்டும் தாராளமாகப் போட்டான்.

டம்ளரைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தான். ஆவி பறந்தது.

ஆற்றினால் சத்தம் கேட்கும்.

தானாக ஆறட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.