அம்மாரின் கோபம்

"ஏலே அம்மாரு, வாப்பாகிட்ட இன்னுமா கோவம்?" துபாயிலிருந்து மேலப்பாளையத்துக்கு வீடியோவில் கெஞ்சினான் இப்ராஹிம். மூன்று வயது மகன் வாயைத் திறக்கவில்லை.

"பெருநாளுக்கு வாரேன்னு ஏமாத்துனியள்லா, அதான் பேச மாட்டேங்கான்," என்றாள் ஷஃபீகா.

"வாய்ஸ் மெசேஜ்ல மட்டும் எப்ப வாரியன்னு தெனமும் கேக்கான்?"

"மூஞ்சியப் பாத்தாத்தான் கோவம் வருது."

"அப்படியே ஒன் பிடிவாதம்லா!" சிரித்துக்கொண்டே வைத்தான்.

போன மாதம் அம்மாருக்கு வாந்திபேதி. அந்தக் கிருமி மூளைவரை போய்விட்டது என்றார் டாக்டர். கூடவே வந்த வலிப்பு நின்றது, பேச்சும் நின்றுவிட்டது. திரும்ப வருமா என்று அவருக்கும் தெரியவில்லை. புருஷனிடம் சொல்ல ஷஃபீகாவுக்கு மனம் வரவில்லை.

நாளைக்கு அனுப்புவதற்காக, போனில் கிடந்த மகனின் பழைய பேச்சு ஒன்றைப் போட்டுக் கேட்டாள்.

"வாப்பா, நான் சமத்தா இருக்கேன்!"

யார் பேசுவது என்று அம்மார் வாசலைப் பார்த்தான்.