உரிமையாளரின் ஒப்புதல்

கணினியில் 'உரிமம்' என்ற பக்கத்தைத் திறக்கச் சொன்னாள் தொலைபேசியில் உதவி மையத்துப் பெண். திறந்தால், அங்கே மூத்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

விரல் நகம் அளவுக்கு ஒரு வட்டப் படம். பக்கத்தில் அவள் பெயர். பெயருக்குக் கீழே 'உரிமையாளர்'.

சித்திக்கு வயிறு எரிந்தது.

இந்த வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கணவனின் முதல் மனைவியான அந்த மூத்தவளுக்குப் பிறந்த பெண் அவளைச் சித்தி என்றது. அதைக் கேட்டுக் கேட்டு அக்கம்பக்கமும் அதையே பிடித்துக்கொண்டது.

வந்த நாளிலிருந்து மூத்தவளின் தடயங்களை ஒவ்வொன்றாக வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கிறாள். திரைச்சீலைகள் போயின. உடைந்த பிடியோடு இருந்த வாணலி போயிற்று. நிலைக்கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டின் கறையைக்கூடச் சுரண்டி எடுத்தாள். இந்தக் கணினிக்குள் உட்கார்ந்திருப்பவளை மட்டும் அசைக்க முடியவில்லை.

மூத்தவள் கட்டட வரைபடம் போடுகிறவள். படம் வரைகிற மென்பொருளைத் தன் கணக்கில் வாங்கிப் போட்டிருந்தாள். பிரிந்து வேறு ஊருக்குப் போனபோது கணினியை மகளுக்கென்று விட்டுவிட்டுப் போனாள். மகள் அதில் பொம்மைகள் வரைந்தாள். விளம்பரப் பலகைக் கடையில் வேலை பார்க்கும் சித்தி, முடியாத வேலைகளை அதில் முடித்தாள்.

வாரத்தில் சில சாயங்காலங்களில், அவள் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, திரையில் மஞ்சள் பெட்டி ஒன்று நிற்கும். 'உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும். உரிமையாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம்.' பெண் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாக மறைந்துவிடும்.

சித்தி கணினியின் தேதியைச் சரிபார்த்தாள். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். இணையப் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

கணவனிடம் சொன்னாள். "அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது. விடேன்" என்றான் அவன்.

அந்த 'விடேன்' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. விட மனசில்லாதவன்தானே விடச் சொல்வான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. வாராவாரம் மூத்தவள் மகளிடம் பேசப் போனில் கூப்பிடுவாள். பெண் போனைத் தொடாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டுக்கொள்ளும். தன்னை விட்டுப் போனவளிடம் அதற்குப் பேச்சே கிடையாது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கும்போது சித்திக்கு உள்ளுக்குள் குளிரும்.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு உதவி மையத்தைக் கூப்பிட்டிருந்தாள். தன் பெயரிலேயே புது உரிமமும் வாங்கி வைத்திருந்தாள்.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் ஓய்ந்தது.

"அது தானா வர்றது இல்ல மேடம். மெனுவுல 'மறுபடி சரிபார்'னு ஒரு பட்டன் இருக்கு. உங்க வீட்டுல யாரோ அதை அமுக்குறாங்க. அமுக்கினா அங்க உரிமையாளர் போனுக்குப் போகும். அவங்க 'ஆம்' கொடுத்துடுறாங்க. ஒரு தடவைகூடத் தவறினதில்ல."

அப்படியென்றால் இது பழுதில்லை. கதவைத் தட்டுகிற வேலை. இங்கிருந்து ஒரு தட்டு, அங்கிருந்து ஒரு பதில். தன் வீட்டுக்குள்ளேயே, தன் கண்ணெதிரே நடந்திருக்கிறது. விடேன், விடேன் என்று அவன் சொன்னதற்கு இதுதானா அர்த்தம்!

கடைசியாக எப்போது அமுக்கினார்கள் என்று கேட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் என்றாள் அந்தப் பெண். அதற்கு முன்னால், முந்தாநாள்.

கணவன் வெளியூர் வேலைக்குப் போய் ஒரு வாரமாகிறது.

சித்தி நாற்காலியில் சாய்ந்தாள். பழைய உரிமையாளரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டுவிடட்டுமா, சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தொலைபேசி கேட்டுக்கொண்டே இருந்தது.

வாசல் கதவு திறந்தது. பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் பெண் அறை வாசலில் நின்றது. அது முதலில் திரையைப் பார்த்தது, பிறகுதான் சித்தியைப் பார்த்தது. இந்நேரத்தில் அவள் வீட்டிலிருப்பாள் என்று அது எதிர்பார்க்கவில்லை.

"சித்தி, அதைச் சரி பண்ணிட்டீங்களா?"

கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் அது எப்படி நின்றிருக்கும் என்று சித்திக்கு அப்போதுதான் தெரிந்தது.

வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்தாள்.

"எங்க? இது லேசுல சரியாகாது போலிருக்கு" என்று எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள்.

சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். வயிற்றெரிச்சல் அடங்கியபாடில்லை. இந்தப் பெண்ணுக்குத் தலை பின்னுவது யார், காய்ச்சலில் கண்விழிப்பது யார்? தட்டுவதென்னவோ அந்தக் கதவை.

உள்ளே 'டிங்' என்றது. பெட்டி வந்துவிட்டது. ஒப்புதல் கிடைத்தால் இன்னொரு முறை ஒலிக்கும்.

ஒலிக்கவில்லை.

பால் பொங்கப் பார்த்தது. தணலைக் குறைத்தாள். காதைத் தீட்டிக்கொண்டாள். நாற்காலி அசைகிற சத்தம்கூட இல்லை. குழந்தை அப்படியே உட்கார்ந்திருந்தது.

"என்னடி பண்றே இவ்வளவு நேரமா?" என்று முணுமுணுத்தாள் சித்தி, மூத்தவளிடம். "சீக்கிரம் அமுக்கித் தொலையேன்."