உள்ளே கேட்டுட்டு வர்றேன்

“ரெண்டு வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் சார். கையெழுத்துப் போடுங்க, இல்லைன்னா இந்த மாசமே காலி பண்ணணும். ஓனர் ஒத்தைக்கால்ல நிக்கிறாரு,” என்றார் வீட்டுத் தரகர்.

குடியிருந்த ஆசிரியர் தயங்கினார். அவருக்கு எப்போது வேண்டுமானாலும் இடமாற்றம் வரலாம். “உள்ளே கேட்டுட்டு வர்றேன்,” என்று சமையலறைக்குப் போனார்.

திரும்பி வந்து, “பழைய ஒப்பந்தமே மாசாமாசம் தொடருமாம். புதுசு கட்டாயமில்லையாம்,” என்றார்.

“பொண்டாட்டி பேச்சைக் கேட்டு நடுத்தெருவுக்கு வந்துடாதீங்க. ஓனரைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?”

சமையலறையிலிருந்து ஒரு பெரியவர் ஸ்பேனரோடு வெளியே வந்தார். ஒழுகும் குழாயைச் சரிசெய்ய வந்திருந்த வீட்டு உரிமையாளர்.

“நான் எப்பய்யா ஒத்தைக்கால்ல நின்னேன்? உன் கமிஷனுக்கு என் பேரா? சரி, வந்ததுதான் வந்தே, உள்ளே வந்து டார்ச்சைப் பிடி.”