வீடு வந்து சேர்ந்த பிறகு

கார் உரிமையாளர்களின் இணையக் குழுவில் இப்போதெல்லாம் கார்களே கேள்வி கேட்டுக் கார்களே பதில் சொல்லிக்கொள்கின்றன. மைலேஜ் ஏன் குறைகிறது, ஏசியில் ஏன் வாடை வருகிறது என்று பக்கம் பக்கமாக ஓடும். மயில்சாமி அதைத் தினமும் சாயங்காலம் படிப்பார். அன்றைக்குத் தன் வீட்டுக் கார் கேட்டிருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"வீடு வந்து சேர்ந்த பிறகும் அம்மா இறங்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?"

"ஏசியை அணைக்காதே" என்றது ஒரு கார். "எங்கள் வீட்டு அம்மாவும் இப்படித்தான். ஒன்றும் கேட்காதே" என்றது இன்னொன்று.

மயில்சாமிக்கு மனசு கேட்கவில்லை. அம்மா வந்துவிட்டாளா என்று பார்த்து வருவதாக மகளிடம் சொல்லிவிட்டுப் பார்க்கிங்குக்கு இறங்கினார். மனைவி சுகந்தி காரில்தான் இருந்தாள். கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் கண்ணு, வீட்டுக்கு வரப் புடிக்கலையா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. ஆஸ்பத்திரில நாள் பூரா 'சிஸ்டர், சிஸ்டர்'னு கூப்புடறாங்க. மேல வந்தா 'அம்மா, அம்மா'. இங்க மட்டுந்தான் ஆரும் என்னைக் கூப்புடறதில்ல."

அவர் இறங்கப்போனார். சுகந்தி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க. பேசாம மட்டும் இருங்க."

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஏசி சத்தமில்லாமல் ஓடியது. கொஞ்ச நேரத்தில் மகள் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா வந்தாச்சா?"

மயில்சாமி குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் வரல சாமி. ரோட்டுல செம டிராபிக்காம்."

கண்ணைத் திறக்காமலே சுகந்தி சிரித்தாள்.