மடிப்புக்கு இரண்டு பேர்

மூலை மறுபடியும் இவள் கை தவறியது. வெள்ளை விரிப்பு பாதி மேஜையிலும் பாதி தரையிலுமாகக் கிடந்தது.

"பரவால்லக்கா, விடுங்க," என்று எதிரில் நின்ற பெண் சிரித்தாள்.

ஓயாமல் பேசுவதால் இந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். நல்ல பெண்தான். மூன்று நாளில் மாமியார் கதை, பல்வலிக் கதை, பக்கத்து வீட்டுக் கதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

கதை சொன்னால் விரிப்பு மடியுமா?

ஒரு ஜோடிக்கு மதியத்துக்குள் இருநூறு விரிப்பு. முந்தாநாள் நூற்று இருபது, நேற்று நூற்று முப்பது. இன்றும் குறைந்தால் ஈரப் பக்கம் போகவேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் அம்மா காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஈரப் பக்கம் என்றால் இயந்திரத்திலிருந்து நனைந்த மூட்டைகளைத் தூக்கிப் போடுவது. இவள் இடுப்பு இருக்கிற இருப்பில் ஒரு வாரம் தாங்காது. ஐம்பது வயதில் வேறு எந்த வாசலில் போய் நிற்பது?

போதாததற்கு, மூன்று முறை மனு எழுதிக் கொடுத்து, பழைய கூடத்திலிருந்து தானே கேட்டு வாங்கிய மாற்றல் இது. யாரையும் குறை சொல்ல முடியாது.

தப்பு தன்னுடையது என்பதும் இவளுக்குத் தெரிந்தது. கைகளைத் தேவைக்கு மேல் உயரத் தூக்கினாள். நெருங்கிப் போகவேண்டிய நேரத்தில் இரண்டடி தள்ளியே நின்றாள். மூலையை எதிரில் நிற்பவளின் இடக்கைப் பக்கம் நீட்டினாள். ரேடியோ எல்லோரையும் போல வலக்கையை நீட்டினாள்.

பழைய கூடத்தில் பதினான்கு வருடம் இவள் எதிரில் நின்றவள் நெட்டை. ஆறடிக்கு ஒரு விரல் குறைவு, இடக்கைக்காரி. அந்த நீளக் காலோடு அவளே இரண்டெட்டு வைத்து வந்து மூலையை வாங்கிக்கொள்வாள்.

துணியை ஒரு சுண்டு சுண்டினால், மடி. இரண்டு சுண்டினால், கறை இருக்கிறது, ஒதுக்கிவை. வாயைத் திறக்கவே வேண்டாம். இருநூறு என்ன, இருநூற்று ஐம்பதை முடித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

சேர்ந்த புதிதில் விரிப்பின் தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்றுகூட இவளுக்குத் தெரியாது. ஓரம் ஒரு விரல் விலகினாலும் நெட்டை துணியை அப்படியே மேஜையில் போட்டுவிடுவாள். மறுபடியும் முதலிலிருந்து. இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். இரண்டே வருடத்தில், அந்தக் கூடத்திலேயே சுத்தமான கை இவளுடையது என்று பெயர் வந்துவிட்டது.

இப்போது அதே கைகளைப் பார்க்க எரிச்சலாக வந்தது. தன் கை, தன் பேச்சைக் கேட்கவில்லை. இனிமேல் வேறு மாதிரி பழகிக்கொள்ளத் தெம்பும் இல்லை.

பதினொன்றரைக்குச் சூப்பர்வைசர் அம்மா வந்தார். அடுக்கை எண்ணவில்லை. பார்த்தாலே தெரிந்தது. மேலே இருந்த விரிப்பின் ஓரத்தை விரலால் தடவினார்.

"மடிப்பு அவ்வளவு நல்லாருக்கு. உன்னை ஈரப் பக்கம் அனுப்ப மனசே வரலம்மா. பழைய கூடத்துல உன் ஜோடி யாரு? இங்க இன்னொரு ஆள் எடுக்கலாம். நம்பர் குடு, பேசறேன்."

"பதினாலு வருஷமா ஒரே ஜோடிதாங்க. நம்பர் இல்லீங்க."

"பதினாலு வருஷம் ஒண்ணா நின்னுட்டு நம்பர் இல்லையா?"

ரேடியோகூட வாயை மூடிக்கொண்டு பார்த்தாள்.

ஈரப் பக்கத்தில் ஒரு இயந்திரம் ஓடி ஓய்ந்தது. யாரோ ஒருத்தி முக்கிக்கொண்டே மூட்டையை இழுத்தாள். இவள் கையிலிருந்த துணியை நீவினாள். ஏற்கெனவே நீவிய இடம்தான்.

"ஆபீசுல கேட்டு வாங்கிக் கூப்பிடுங்க," என்றாள் கடைசியில். "நாங்க பேசிப் பதிமூணு வருஷமாச்சு. என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க, வரமாட்டா."